யந்திரம் சொல்லும் உரை

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். இராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கார்டிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தெருவில் எல்லோரும் அவரைக் ‘கார்டிங் அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வேறொரு பெயர் உண்டு என்பது ரேஷன் கடையில்தான் ஞாபகம் வரும். விடியற்காலை நாலரை மணிக்கு அவருடைய இருமல் கேட்கத் தொடங்கும். பால்காரர் அதற்குப் பிறகுதான் வருவார்.

பஞ்சாலையைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுத ஆரம்பித்து, எண்பது பக்கத்துக்கு மேல் நகராமல் நின்றுவிட்டபோது, ஒருநாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன தம்பி, எங்க இருமலையும் கதையாக்கப் போறீகளா?” என்று சிரித்தார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில் வார விடுமுறை முடிந்து முதல் நாள் மில்லுக்குள் நுழைந்தால், பிற்பகலுக்குள் யாரோ நெஞ்சில் கயிறு போட்டு இறுக்குவது போல இருக்குமாம். மறுநாள் குறைந்துவிடும். அடுத்த வாரம் அதே நாளில் மறுபடியும் வரும். “லீவு எடுத்தாத்தான் உடம்புக்கு ஆகலைன்னு நெனச்சேன், தம்பி. அதனால லீவே எடுக்காம ஓடுனேன்” என்றார்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பஞ்சுத் தூசியால் வரும் இந்த நோய்க்குப் பிஸினோஸிஸ் என்று பெயர் என்றும், விடுமுறைக்குப் பிறகு முதல் நாள் நெஞ்சு இறுகுவதுதான் அதன் அடையாளம் என்றும், 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அந்தப் பெயர் இடம் பெற்றிருந்தது என்றும் சொல்லிவிட்டு, “இதைப் பற்றி ஏராளமான ஆராய்ச்சி இருக்கிறது. தேடிப் படியுங்களேன்” என்றார்.

தேடிப் படிப்பதாவது! நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்து, பட்டம் வாங்காமலே வெளியே வந்தவன். ஆங்கில நாவல்களை அகராதியின் துணையில்லாமல் படித்துவிடுவேன். ஆராய்ச்சிக் கட்டுரை என்பது வேறு ஜாதி. வாக்கியத்துக்கு மூன்று அடைப்புக்குறி, அதற்குள் எண்கள், எண்களுக்குப் பக்கத்தில் இன்னும் எண்கள். அதையும் திறந்து பார்க்கவே சில இடங்களில் ஒரு கட்டுரைக்கு முப்பது டாலர், நாற்பது டாலர் கேட்கிறார்கள். மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025-லிருந்து மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் திறந்துவிடும் திட்டம் அது. நல்ல காரியம். ஆனால் மில் தொழிலாளியும் கதை எழுதுகிறவனும் எந்த நிறுவனத்திலும் சேர்த்தி இல்லை.

இந்த நிலையில்தான் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் பொருள் சொல்லும் மென்பொருள்களிடம் நான் போய்ச் சேர்ந்தேன். ஆறு மாதம் அவற்றோடு பழகியிருக்கிறேன். ஒரு நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு அதை முழுக்கப் படித்திருந்தால் போதும் என்றால், இவற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கும் எனக்கு அவ்வளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இது நேற்று முளைத்த ஆசை அல்ல. சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணித ஆசிரியராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகனுடைய நேரம் மிச்சமாக வேண்டும் என்பது. இன்று கலிபோர்னியாவில் உட்கார்ந்து கொண்டு இந்த மென்பொருள்களை விற்கிறவர்கள் விளம்பரத்தில் சொல்வதும் இதைத்தான். பெயர் மட்டும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955-இல் ஒரு யோசனை சொல்லி, 1964-இல் அதைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். எந்தக் கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தேடிப் பார்க்க உதவும் அட்டவணை அது. அந்த யோசனையும் அவருக்கு வக்கீல்களிடமிருந்து கிடைத்தது. ஒரு தீர்ப்பைப் பிந்திய தீர்ப்புகள் ஏற்றனவா, தள்ளினவா என்று பார்க்க அமெரிக்க வக்கீல்கள் 1873-லிருந்தே ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள்.

பிறகு வந்தவை எல்லாம் வேகத்தில்தான் வேறு. 2004 நவம்பரில் கூகுள் ஸ்காலர் வந்தது. அதை உண்டாக்கிய இருவரில் ஒருவரான அனுராக் ஆச்சார்யா கரக்பூர் ஐ. ஐ. டி.யில் படித்தவர். 2015-இல் சியாட்டில் நகரத்து ஆலன் நிலையம் செமான்டிக் ஸ்காலர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இருபது கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. 2020-இல் அது ஒரு புது வேலை செய்யத் தொடங்கியது. கட்டுரைக்குக் கட்டுரை, யந்திரமே எழுதிய ஒரே வாக்கியச் சுருக்கம்! முதலில் கம்ப்யூட்டர் விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு மட்டும் போட்டார்கள். பின்னால் மற்றத் துறைகளுக்கும் பரவியது. இப்போது அதையும் தாண்டிவிட்டார்கள். கட்டுரையை உள்ளே போட்டுவிட்டுக் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது; தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்கிறது. நம் பெங்களூரில் உருவான சைஸ்பேஸ் கூட, முதலில் கட்டுரைகளைச் சஞ்சிகைகள் கேட்கும் அமைப்பில் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலையில் தொடங்கி, இன்று கட்டுரைக்குப் பொருள் சொல்லும் வேலைக்கு வந்திருக்கிறது.

முதல் நாள் அனுபவத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஷாங்காய் நகரத்தில் 1981-இல் தொடங்கி, பஞ்சாலைத் தொழிலாளர்களையும் பட்டாலைத் தொழிலாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பஞ்சுத் தூசி மூச்சின் திறனைக் குறைக்கிறது. வேலையை விட்ட பிறகு அந்தக் குறைவு ஓரளவு தணிகிறது. இதை அரை மணி நேரத்தில் தமிழில் தெரிந்து கொண்டு, அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. “அப்போ அது லீவுனால வந்தது இல்லை” என்றார். முப்பத்திரண்டு வருஷத்துச் சந்தேகம் அது. இந்த ஒரு காரியத்துக்காகவே அந்த யந்திரங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அடுத்துச் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு, “இவர் பழைய பஞ்சாங்கம், கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது” என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

அண்ணாச்சிக்கு ஒரு பேத்தி. மருந்தியல் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். அவளும் தன் செல்போனில் தேட ஆரம்பித்தாள். ஒருநாள் ஓடி வந்து, “மாமா, இதைப் பாருங்க” என்று நீட்டினாள். அவள் பயன்படுத்திய மென்பொருள் எது என்பது முக்கியமல்ல. நான் பிறகு வேறு இரண்டில் கேட்டபோதும் ஏறக்குறைய இதே பதில்தான் வந்தது. பஞ்சுத் தூசியில் உள்ள எண்டோடாக்ஸின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கிறது என்று, நல்ல தமிழில், முற்றுப்புள்ளியோடு எழுதியிருந்தது.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. “அப்படின்னா மில்லுக்காரவுகளுக்கு நான்ல சம்பளம் குடுத்திருக்கணும்!” என்றார்.

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்கள் நிறைந்த ஊர் இது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். பஞ்சும் நூலும் இல்லாத குடும்பத்தை இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னால் வியர்க்கிறது என்று கழற்றிப் போடும் பையன்கள் அந்த ஒரு வாக்கியத்தைப் படித்தால் என்ன ஆகும்? தூசி உறிஞ்சும் யந்திரம் போடச் செலவாகிறதே என்று யோசிக்கும் முதலாளி ஒருவர் படித்தால் என்ன ஆகும்?

யந்திரம் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் விசேஷம். அப்படி ஒரு கட்டுரை இருக்கிறது. 2007-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பெயரால் வரும் சஞ்சிகையில் வெளியானது. ஷாங்காய் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த 2,67,400 பெண்கள் அடங்கிய பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. எண்டோடாக்ஸின் என்பது பஞ்சில் ஒட்டியிருக்கும் சிலவகைப் பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள ஒரு நச்சு. நெஞ்சு இறுக்கத்துக்கும் அதுவே முக்கியமான காரணம் என்று கருதுகிறார்கள். அதை அதிகமாகச் சுவாசித்த பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது என்பதுதான் கட்டுரை கண்ட விஷயம்.

‘குறைவாகக் காணப்பட்டது’ என்பது ஒன்று. ‘குறைக்கலாம்’ என்பது இன்னொன்று. ‘தடுக்கிறது’ என்பது வேறொன்று. மூன்றுக்கும் நடுவில் எத்தனை மைல் தூரம்! முதலாவது, கண்ணால் பார்த்த சாட்சி. இரண்டாவது, சாட்சியைக் கேட்டவனுடைய ஊகம். மூன்றாவது, தீர்ப்பு. நம் பாஷையில் இந்த வித்தியாசம் ‘லாம்’ என்ற ஒரு சிறு ஈற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொல் உண்டு. அது விழுந்தால் சத்தம் கேட்கும். தமிழில் ‘குறைக்கலாம்’ என்பது ‘குறைக்கும்’ ஆகிவிட்டால் சத்தமே கேட்பதில்லை. வாக்கியம் இன்னும் கொஞ்சம் அழகாகக்கூட ஆகிவிடுகிறது. யந்திரம் ஆங்கிலக் கட்டுரையைச் சுருக்கவும் வேண்டும், தமிழாக்கவும் வேண்டும். ‘லாம்’ உதிர்வதற்கு இரண்டு இடங்கள்.

இது என் ஒருவனுடைய புலம்பல் இல்லை. 2025-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகை ஒன்றில் ஊவே பீட்டர்ஸ், பெஞ்சமின் சின்-யீ என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பத்து யந்திரங்களை எடுத்துக்கொண்டு, விஞ்ஞானக் கட்டுரைகளிலிருந்து 4,900 சுருக்கங்கள் எழுதச் செய்து, மூலத்தோடு வைத்துப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய சுருக்கங்களோடு ஒப்பிட்டால், மூலம் சொன்னதற்கு மேலே போய்ப் பொதுவிதியாக்கிவிடும் வாய்ப்பு யந்திரச் சுருக்கங்களில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இன்னொரு வேடிக்கை, தவறில்லாமல் எழுது என்று குறிப்பாகக் கட்டளையிட்டபோது சில யந்திரங்கள் அதிகமாகவே மிகைப்படுத்தின. நன்றாக எழுது என்று ஆசிரியர் மிரட்டினால் கூடுதலாக உவமை போடும் மாணவனைப் போலத்தான்.

இதைவிடப் பெரிய கூத்தும் நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் மெட்டா கம்பெனி கலாக்டிகா என்ற ஒன்றை வெளியிட்டது. நாலு கோடியே எண்பது லட்சம் கட்டுரைகளும் புத்தகங்களும் பிறவும் படித்த யந்திரம் என்று சொன்னார்கள். அது எழுதப்படாத கட்டுரைகளை உயிரோடிருக்கும் விஞ்ஞானிகளின் பெயரில் மேற்கோள் காட்டத் தொடங்கியது. மூன்றே நாளில் பொதுஜனப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கலாக்டிகாவின் தவறு சின்னத் தவறு என்பேன். இல்லாத கட்டுரையை இருக்கிறது என்றால் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இருக்கிற கட்டுரையிலிருந்து சந்தேகத்தை மட்டும் எடுத்துவிட்டால் கண்டுபிடிப்பது எப்படி? தேடினால் கட்டுரை இருக்குமே!

அந்த வாரம் ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். வைஷ்ணவ வியாக்கியானங்களில் ஊறியவர். இந்தக் கதையை அவரிடம் சொல்லிப் பொருமினேன். அவர் பால்கோவாவை முன்னால் தள்ளிவிட்டு, “உரை எழுதுகிறவனுக்கு முதலில் தன் எல்லை தெரிய வேண்டும். அதற்கு இந்த ஊர் ஆழ்வார் பாசுரத்துக்கே ஒரு கதை உண்டு, கேட்டதில்லையா?” என்றார்.

கேட்டதில்லை. நாலாயிரத்துக்கும் உரை எழுதியவர் பெரியவாச்சான் பிள்ளை, பதின்மூன்றாம் நூற்றாண்டு. அவர் பெரியாழ்வார் திருமொழிக்கு எழுதிய உரையின் பெரும்பகுதி ஏட்டிலேயே செல்லரித்துப் போய்விட்டது என்பது சம்பிரதாயம். பின்னால் வந்த மணவாள மாமுனிகள் (1370-1443) அந்தக் குறையை நிரப்ப முன்வந்தார். அவரோ மகா பண்டிதர். முழுத் திருமொழிக்கும் புதிதாக ஓர் உரை எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அரித்துப் போன பகுதிக்கு மட்டும் எழுதினார். பழைய உரை எந்த இடத்தில் மறுபடி கிடைக்கிறதோ, அந்த இடத்தோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார் என்கிறார்கள். அது வரைக்கும் என் சொல், இதிலிருந்து அவர் சொல் என்று படிக்கிறவனுக்குத் தெரிகிறது.

அதே மாமுனிகள் வேறொன்றும் செய்திருக்கிறார். ஈட்டில் வரும் மேற்கோள்கள் எல்லாம் எந்த எந்த மூலத்திலிருந்து வந்தவை என்று தேடித் தொகுத்திருக்கிறார். ‘பிரமாணத் திரட்டு’ என்று அதற்குப் பெயர். கார்ஃபீல்டுக்கு ஐந்நூறு வருஷம் முன்னால்! (நண்பர் இதைச் சொல்லும்போது அவருக்கு ஆழ்வாரிடம் இருந்த பக்தியைவிட அட்டவணையிடம் இருந்த பக்தி அதிகமாகத் தெரிந்தது. நான் அதை வரவேற்கிறேன்.)

நம்முடைய உரைகாரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டிலும் பட்டினப்பாலையிலும் இங்கே ஒரு சொல்லை எடுத்து, அங்கே நாற்பது அடி தள்ளிக் கொண்டுபோய் ஒட்ட வைத்துப் பொருள் சொன்ன விதம் படிக்கிறவனைத் தலைசுற்ற வைக்கும். ஆனாலும் பாட்டு மேலே இருந்தது, உரை கீழே இருந்தது. அதனால்தான் 1903-இல் மறைமலையடிகள் முல்லைப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தப் பொருள் பாட்டின் ஓட்டத்துக்கு ஒவ்வாது என்று புது உரை எழுத முடிந்தது. நச்சினார்க்கினியர் பாட்டை விழுங்கிவிட்டுப் பொருளை மட்டும் கொடுத்திருந்தால், ஐந்நூறு வருஷத்துக்குப் பின்னால் ஒருவர் மறுத்துப் பேச எதைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார்? பரிமேலழகர் தம் கருத்துக்கு மாறான பாடத்தைக்கூட ‘என்பாரும் உளர்’ என்று பக்கத்திலேயே நிறுத்தி வைப்பார். நிறுத்தி வைத்துத்தான் அடிப்பார். ஆனாலும் நிறுத்தி வைப்பார்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நான் பழகிய மென்பொருள்களைப் பார்க்கிறபோது, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை என்று தெரிகிறது. ஸைட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கட்டுரையைப் பிற்பாடு குறிப்பிட்டவர்கள் அதை ஆதரித்தார்களா, மாறுபட்டார்களா, வெறுமனே பெயர் சொன்னார்களா என்று பிரித்து, அவர்கள் எழுதிய வாக்கியத்தையே எடுத்துக் காட்டுகிறது. இது ‘என்பாரும் உளர்’ காரியம். எப்போதும் சரியாகப் பிரிக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் வாக்கியம் எதிரே இருப்பதால் தப்பாகப் பிரித்தால் தெரிந்துவிடுகிறது. செமான்டிக் ஸ்காலரின் படிப்புப் பலகையில் கட்டுரையை மூடாமலே, நடுவில் வரும் மேற்கோளைத் தொட்டால் அது எந்தக் கட்டுரை, என்ன சொல்கிறது என்று ஓரத்தில் காட்டுகிறது. இது பிரமாணத் திரட்டு. மூலத்தை நம் கண் முன்னால் வைத்துவிட்டு, தான் ஓரமாக நிற்கும் கருவிகள் இவை.

ஒற்றை வாக்கியச் சுருக்கமோ, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் யந்திரமோ அப்படி நிற்பதில்லை. அது மூலத்தின் இடத்தில் தானே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதிலும் பல சமயங்களில் முழுக் கட்டுரை பூட்டுக்குள் இருப்பதால், யந்திரம் பார்த்திருப்பது முன்னால் இருக்கும் பத்து வரிச் சாரத்தை மட்டுமே. அந்தப் பத்து வரியே ஒரு சுருக்கம். அதைச் சுருக்கி இன்னொரு சுருக்கம். எத்தனை வருஷம், யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், எதைப் பற்றித் தங்களுக்கே நிச்சயமில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ளும் பகுதி கட்டுரையின் கடைசியில் இருக்கும். அங்கே யந்திரம் போகவே இல்லை. போகாததை நம்மிடம் சொல்வதும் இல்லை. இதுதான் என் பெரிய ஆட்சேபம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத உரைகாரனை நான் எப்படி நம்புவது?

‘தடுக்கிறது’ என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். அந்த 2007 கட்டுரையைப் பிற்பாடு யார் யார் குறிப்பிட்டார்கள் என்று, கார்ஃபீல்டின் வழியில், மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் பார்த்தேன். 2014-இல் பிரிட்டிஷ் புற்றுநோய்ச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதே ஷாங்காய்ப் பெண்கள். இன்னும் சில வருஷம் கூடுதலாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இப்போது எண்டோடாக்ஸின் நுரையீரல் புற்றுநோயைத் தூண்டும் பக்கம் நிற்கக் கூடும் என்கிறார்கள்! தலைப்பிலேயே ‘கூடும்’ என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஏழு வருஷத்தில் முடிவு தலைகீழாகியிருக்கிறது; இந்த முடிவும் சந்தேகத்தோடுதான் சொல்லப்பட்டிருக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? இரண்டும் இருக்கின்றன என்பதுதான் அண்ணாச்சி வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய செய்தி. வந்து சேர்ந்தது பாதி. அதிலும் ஆபத்தான பாதி.

நேயர்களில் சிலர், “உனக்கு ஏன் இந்த வேலை? ஆராய்ச்சியை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று நினைக்கலாம். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சரி. அவர்களுக்கு இந்தச் சுருக்கம் தேவையே இல்லை. முழுக் கட்டுரையைப் படிக்கப் பயிற்சி இருக்கிறது, பூட்டைத் திறக்கச் சாவி இருக்கிறது. சுருக்கத்தை மட்டுமே நம்ப வேண்டியவர்கள் என்னைப் போன்ற அரைப்படிப்புக்காரர்கள்தான். யந்திரத்தின் தவறு விழுவதும் எங்கள் தலையில்தான்.

இரண்டு கட்டுரைகளையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு போனேன். பேத்தி அகராதியும் செல்போனுமாக உட்கார்ந்தாள். யந்திரத்தைத் தள்ளிவிடவில்லை, ஒவ்வொரு பத்தியாக அதனிடம் கொடுத்து, அது சொன்னதை மூலத்தின் வரியோடு வைத்துப் பார்த்தோம். அப்படிக் கேட்டால் அது எவ்வளவோ ஒழுங்காகவே பதில் சொல்கிறது. ‘லாம்’ உதிர்ந்த இடத்திலெல்லாம் அவள் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். மூன்று சாயங்காலம் ஆயிற்று. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “ஏம் பிள்ளை, மில்லுல இருந்தவுகளைத்தானே எண்ணியிருக்காக? மூச்சு ஒத்துக்காம ஒரு வருசம், ரெண்டு வருசத்துல நின்னு போனவுகளை எண்ணுனாகளா? எங்க செட்டுல கார்டிங்குக்கு வந்தது பதினோரு பேர். கடைசி வரைக்கும் நின்னது நாலு பேரு. அந்த நாலு பேரைப் பார்த்துட்டு, கார்டிங்கு உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிறலாம்ல?”

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கேள்வியை அப்படியே யந்திரத்திடம் போட்டேன். மிக நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, மூன்று பத்தி எழுதியது. எந்தக் கட்டுரையில் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நடுவில் ஒரு பெயரைச் சொல்லியிருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியதில், தொழில் நோய்களை ஆராய்கிறவர்கள் இதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ‘ஆரோக்கியமான தொழிலாளி விளைவு’ என்று தமிழில் சொல்லலாம். உடம்பு தாங்கியவர்கள் மட்டும் வேலையில் நீடிப்பதால், அந்த வேலை உண்மையில் இருப்பதைவிடப் பாதுகாப்பானதாகக் கணக்கில் தெரிகிற கோளாறு.

நான் இதைச் சொன்னபோது அண்ணாச்சி பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “அந்த ஏழு பேரு பேரும் எனக்குத் தெரியும். எழுதிக்கோ” என்றார். பேத்தி கட்டுரையின் முதுகுப்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள்.